பானிப்பட்டின் வைக்கோல் எத்தனால்: கூட்டு ஆய்வு தந்ததும் தராததும்

சர்க்கரை ஆலைகளை ஒட்டிய வடிப்பாலைகளில், நொதித்தல் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்தவன் என்ற முறையில், அண்மைக் காலமாக என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. வேளாண் கழிவிலிருந்து, பெட்ரோலில் கலக்கும் எரிசாராயமான எத்தனாலை எடுக்க ஓர் ஆய்வு நிறுவனத்தோடு கூட்டு ஒப்பந்தம் போடலாமா, போட்டால் கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர்கள் ஆலை நிர்வாகிகளாகவும், பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்களாகவும், சில வேளைகளில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் பொறுப்பாளர்களாகவும் இருக்கிறார்கள். இத்தகைய கூட்டாண்மைகளின் விளைவாக நம் நாட்டில் வணிக அளவில் எழுந்து நிற்கும் ஆலையை எடுத்துக்கொண்டு, ஒரு பொருளை வாங்கப் போகிறவர் பார்ப்பது போல அதை மதிப்பிடுவதே அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய நேர்மையான பதிலாக இருக்கும்.

அந்த ஆலை ஹரியானாவின் பானிப்பட்டில், இந்தியன் ஆயில் நிறுவனத்தின் சுத்திகரிப்பு நிலையத்தை ஒட்டி அமைந்துள்ளது. 2022 ஆகஸ்ட் 10 அன்று, உலக உயிரி எரிபொருள் நாளில், பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிடப்பட்ட இந்த ஆலை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் நெல் வைக்கோலை உள்ளே எடுத்து, ஏறத்தாழ 3 கோடி லிட்டர் எத்தனால் தரும் வகையில் வடிவமைக்கப்பட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத அமைப்பு என்றும், ஆண்டுக்கு 3 லட்சம் டன் கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வைக் குறைக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. தொழில்நுட்பம் புனேயைச் சேர்ந்த பிராஜ் நிறுவனத்துடையது. அந்நிறுவனம் அதற்கு முன் 2017-இல் புனே அருகே ஆண்டுக்கு 10 லட்சம் லிட்டர் எத்தனால் எடுக்கும் செயல்விளக்க ஆலை ஒன்றை நிறுவியிருந்தது. ஆய்வுக்கூடம், செயல்விளக்க ஆலை, வணிக ஆலை என்று படிப்படியாக ஏறி வந்த இந்த ஒழுங்கை நான் முதலில் பாராட்டுவேன். நடுப்படியைத் தாண்டிக் குதித்துக் கால் முறித்துக்கொண்ட திட்டங்களை இத்துறை நிறையப் பார்த்திருக்கிறது.

ஆலைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைக்கோலில் சர்க்கரைச் சங்கிலிகளான செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், அவற்றைப் பசை போலப் பிடித்து வைக்கும் லிக்னின் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸில் சர்க்கரை கரைந்த நிலையில் தயாராக இருக்கும், ஈஸ்ட்டைக் கலந்தால் போதும். வைக்கோலிலோ சர்க்கரை, பூட்டிய பெட்டிக்குள் இருப்பது போல இருக்கிறது. முதலில் நீராவி அழுத்தத்தாலும் நீர்த்த அமிலத்தாலும் அந்தப் பின்னலைத் தளர்த்த வேண்டும், இதுவே முன்பதப்படுத்தல். பிறகு செல்லுலேஸ் என்னும் நொதி (என்சைம்) கலவையை, ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் செயல்படவிட்டு, செல்லுலோஸைக் குளுக்கோஸாக உடைக்க வேண்டும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது என்பதால், அதையும் உண்ணும்படி மரபணு மாற்றிய ஈஸ்ட் தேவைப்படுகிறது. முன்பதப்படுத்தலின்போது உண்டாகும் ஃபர்ஃப்யூரல், அசிட்டிக் அமிலம் போன்றவை அந்த ஈஸ்ட்டையே நோயாளியாக்கிவிடும். அதற்கும் ஈடுகொடுத்தாக வேண்டும்.

இந்த வரிசையில் பல படிகளைக் கடக்கக் கூட்டு ஆய்வு பெரிதும் உதவியது. நொதியின் கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக்கின் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணிகள் மக்கிப் போவது ஏன் என்று ஆராயப் போய்க் கண்டெடுத்த பூஞ்சைதான், இன்று உலகெங்கும் செல்லுலேஸ் நொதி தயாரிக்கப் பயன்படும் டிரைக்கோடெர்மா ரீசி. ராணுவ ஆய்வுக்கூடத்தில் அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் அவர்களின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. துணியைத் தின்ற பூஞ்சை எரிபொருளுக்கு வழிகாட்டியாக மாறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 2000-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம், ஜெனன்கோர், நோவோசைம்ஸ் ஆகிய இரண்டு நொதி நிறுவனங்களோடு தனித்தனியே இணைந்து நடத்திய ஆய்வு, நொதிச் செலவை ஆய்வக அளவில் இருபது, முப்பது மடங்கு வரை குறைத்தது. அந்த ஆய்வகம் தனியாகச் செய்திருந்தால் பூஞ்சையைப் பெரிய தொட்டிகளில் வளர்க்கத் தெரிந்திருக்காது. நிறுவனங்கள் தனியாகச் செய்திருந்தால் உண்மையான முன்பதப்படுத்திய மக்காச்சோளத் தட்டை கையில் இருந்திருக்காது. கூட்டாண்மை என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் இந்தப் பகுதி நன்றாகவே நடந்திருக்கிறது. மும்பை வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு அமைந்த ஆற்றல் உயிரியல் மையம், பேராசிரியர் அரவிந்த் லாலி தலைமையில் உருவாக்கிய முறை, உத்தராகண்டின் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் நிறுவன வளாகத்தில் நாளொன்றுக்கு 10 டன் கழிவைக் கையாளும் செயல்விளக்க ஆலையாக 2016-இல் திறக்கப்பட்டது. உள்ளே போன கழிவு 24 மணி நேரத்துக்குள் எத்தனாலாக வெளிவரும் என்பது அதன் தனிச்சிறப்பாகச் சொல்லப்பட்டது. நொதித்தல் தொட்டிகளோடு வாழ்ந்தவனுக்கு அந்த வேகத்தின் அருமை தெரியும், ஏனெனில் நேரம் குறைந்தால் தொட்டிகளின் எண்ணிக்கையும், அவற்றில் வேண்டாத நுண்ணுயிர் புகுந்து கெடுக்கும் வாய்ப்பும் சேர்ந்தே குறைகின்றன. இந்தியன் ஆயில் நிறுவனமும் அதே துறையோடு சேர்ந்து ஃபரிதாபாத்தில் 2012 முதல் ஓர் ஆய்வு மையத்தை நடத்திவருகிறது.

இனி எண்களுக்கு வருவோம். பானிப்பட்டின் வடிவமைப்பு எண்களை வகுத்துப் பார்த்தால் ஒரு டன் வைக்கோலுக்கு 150 லிட்டர் எத்தனால் வருகிறது. உலர்ந்த வைக்கோலில் செல்லுலோஸ் 35 சதவீதமும் ஹெமிசெல்லுலோஸ் 20 சதவீதமும் இருப்பதாகக் கொண்டால், வேதியியல் கணக்குப்படி ஒரு டன்னிலிருந்து அதிகபட்சமாக ஏறத்தாழ 400 லிட்டர் வரலாம். அந்த உச்சத்தை எந்த ஆலையும் தொடாது என்றாலும், பாதிக்கும் குறைவான எண்ணை வடிவமைப்பிலேயே எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது நேர்மையின் அடையாளமாகவே படுகிறது. ஆலை வாசலில் எடை போடப்படுவது ஈரமும் மண்ணும் சேர்ந்த வைக்கோல்தானே தவிர, ஆய்வுக்கூடத்தில் உலர்த்திய வைக்கோல் அன்று. ருமேனியாவின் போடாரியில் கிளாரியன்ட் நிறுவனம் நிறுவிய ஆலை 2.5 லட்சம் டன் கோதுமைத் தாளிலிருந்து 50,000 டன் எத்தனால், அதாவது டன்னுக்கு ஏறத்தாழ 250 லிட்டர் தரும் என்று அறிவிக்கப்பட்டது. 2022-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலையை மூடுவதாக 2023 டிசம்பரில் நிறுவனமே அறிவித்துவிட்டது. பெரிய எண் எழுதப்பட்ட விளம்பரத் தாளை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

முதலீட்டுக் கணக்கு கடினமானது. ஆண்டுக்கு 3 கோடி லிட்டருக்கு 900 கோடி என்றால், ஒரு லிட்டர் ஆண்டுத் திறனுக்கு 300 ரூபாய் முதலீடு. தானியத்திலிருந்து இதே அளவு எத்தனால் எடுக்கும் ஆலையை இதில் ஒரு சிறு பகுதியில் கட்டிவிடலாம். 2019-இல் மத்திய அரசு 1,969.50 கோடி ரூபாய் ஒதுக்கி அறிவித்த பிரதமர் ஜீவன் திட்டம், வணிக அளவிலான ஆலை ஒன்றுக்கு 150 கோடி வரையிலும், செயல்விளக்க ஆலை ஒன்றுக்கு 15 கோடி வரையிலும் உதவி அளிக்க முன்வந்ததற்கு இந்த இடைவெளியே காரணம். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு 2025-இல் எட்டப்பட்டுவிட்டது. ஆனால் அதன் பெரும்பகுதி கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வருகிறது. உண்ணும் தானியத்தைத் தொட்டிக்குள் போடுவதை எண்ணி மனம் சங்கடப்படுகிறவர்களில் நானும் ஒருவன். ஆகவே வைக்கோல் எத்தனால் வெற்றி பெற வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இந்த விருப்பத்தோடு பார்க்கும்போது எனக்குக் கவலை தருவது ஆலைக்கு வெளியே கிடக்கும் வயல். ஹரியானாவிலும் பஞ்சாபிலும் நெல் அறுவடை செப்டம்பர் இறுதியில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிகிறது. நிலத்தடி நீரைக் காப்பதற்காக இரு மாநிலங்களும் 2009-இல் கொண்டுவந்த சட்டங்கள் நடவை ஜூன் நடுப்பகுதியை நோக்கித் தள்ளியதால், அறுவடையும் பின்னுக்குப் போய், கோதுமை விதைப்புக்கு முன் உழவருக்குக் கிடைக்கும் இடைவெளி இரண்டு, மூன்று வாரங்களாகச் சுருங்கிவிட்டது. அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் தாளை அந்த இடைவெளிக்குள் அகற்றியாக வேண்டும். அதனால்தான் தீ வைக்கிறார்கள். இந்த வைக்கோலை, அங்கே பராலி என்பார்கள், ஆலைக்குக் கொண்டுவர வேண்டுமானால், நிற்கும் தாளைத் தரையோடு வெட்டும் இயந்திரம் ஒன்று, வெட்டியதை வரிசையாகக் கூட்டும் இயந்திரம் ஒன்று, கட்டாகக் கட்டும் பேலர் ஒன்று, பிறகு ஏற்றிச் செல்ல டிராக்டர் என நான்கு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயலில் நடக்க வேண்டும்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 2 முதல் 2.5 டன் வைக்கோல் என்று வைத்துக்கொண்டாலும், 2 லட்சம் டன்னுக்கு 80,000 முதல் ஒரு லட்சம் ஏக்கர் வரை தேவைப்படும். ஆலை ஆண்டு முழுவதும் ஓட வேண்டும், வைக்கோலோ ஏறத்தாழ 45 நாட்களில் மட்டும் கிடைக்கும். அப்படியானால் நாளொன்றுக்கு 4,000 டன்னுக்கு மேல் வயலிலிருந்து கிளம்பியாக வேண்டும், அதைப் பத்து மாதங்களுக்கு மேல் மழையிலும் தீயிலுமிருந்து காத்து வைத்தாக வேண்டும். பனி ஈரத்தோடு கட்டிய கட்டு உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த கட்டுக்கு ஒரு பொறி போதும். தாளைத் தரையோடு வாரும்போது மண்ணும் சேர்ந்து வரும். நெல் வைக்கோலின் சாம்பலில் இயல்பாகவே சிலிக்கா மிகுதி, அதோடு வயல் மண்ணும் சேரும்போது வெட்டும் கத்திகளும் திருகுச் செலுத்திகளும் தேய்ந்து போகின்றன. என் அனுபவத்தில், இத்தகைய ஆலையை நிறுத்துவது பெரும்பாலும் ஈஸ்ட்டோ நொதியோ அல்ல, முன்பதப்படுத்தும் கலனுக்குள் வைக்கோலைத் தள்ளும் திருகு அடைத்துக்கொள்வதுதான்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இதற்கு எழுதிவைத்தது போன்ற சாட்சி இருக்கிறது. போயட் நிறுவனமும் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனமும் கூட்டாக எம்மட்ஸ்பர்க்கில் கட்டிய ஆலை 2014 செப்டம்பரில் நெதர்லாந்து மன்னர் முன்னிலையில் திறக்கப்பட்டது. ஒருவர் மக்காச்சோள எத்தனாலில் கைதேர்ந்தவர், மற்றவர் நொதியிலும் ஈஸ்ட்டிலும் கைதேர்ந்தவர். இதைவிடப் பொருத்தமான இணை அமையாது என்று அப்போது நானும் நினைத்தேன். முன்பதப்படுத்தலில் இருந்த முட்டுக்கட்டை விலகியது என்று அவர்கள் அறிவித்தபோது 2017 நவம்பர் ஆகியிருந்தது. 2019-இல் வணிக உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதே மாநிலத்தின் நெவாடா நகரில் டூபான்ட் 2015 அக்டோபரில் திறந்த ஆலை, சுற்றியுள்ள ஏறத்தாழ 500 உழவர்களிடமிருந்து மக்காச்சோளத் தட்டை வாங்கி ஆண்டுக்கு 3 கோடி கேலன் எத்தனால் தரும் வகையில் கட்டப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2017-இல், அதைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. ஜெர்மனியின் வெர்பியோ அதை வாங்கி, அதே மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனாலுக்குப் பதிலாக மீத்தேன் வாயு எடுக்கும்படி மாற்றியது. கொள்கை மாற்றம், எண்ணெய் விலை, நிறுவன இணைப்பு எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முதல் மூன்று ஆண்டுகள் தட்டையோடு மல்லுக்கட்டிய எம்மட்ஸ்பர்க் போன்ற ஆலைக்கு, வேறு எந்தக் காற்றடித்தாலும் தாங்கும் வலு மிஞ்சியிருக்காது.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஆலைக்காகக் கரும்புச் சோகையிலிருந்து எத்தனால் எடுக்கும் வாய்ப்பைச் சோதிக்க, முன்னோடி ஆலை வைத்திருக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தின் சேவையைக் கட்டணம் செலுத்திப் பெற்றோம். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஐந்து மூட்டை சோகை அனுப்பினோம். ஐந்து மாதங்கள் கழித்து வந்த அறிக்கை கண்ணைப் பறித்தது, ஏனெனில் செல்லுலோஸில் 80 சதவீதத்துக்கு மேல் குளுக்கோஸாக மாறியிருந்தது. எங்கள் மேலாளர் மகிழ்ச்சியில் அடுத்த கட்டத்துக்குப் பணம் ஒதுக்கவும் தயாரானார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தை நான் மீண்டும் படித்தபோதுதான், சோகையைக் கழுவி, உலர்த்தி, மாவாக அரைத்து, சல்லடையில் சலித்த பிறகே சோதித்தார்கள் என்பது தெரிந்தது. மழைக்குப் பின் வயலிலிருந்து வாரிய கட்டுகளை அப்படியே எடுத்து மறுபடி சோதிக்கச் சொன்னோம். மாற்றம் பாதியாகக் குறைந்தது, கலனும் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. அவர்கள் எங்களை ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் நொதி அளவு, வெப்பநிலை, நேரம் எல்லாவற்றையும் எழுதியிருந்தோம், சோகை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை நாங்களும் எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஓராண்டு அதில் போயிற்று.

பானிப்பட்டின் கூட்டாளிகள் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஒப்பந்தம்தான். எண்ணெய் நிறுவனம் இருக்கிறது, தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அரசுத் துறைகள் இருக்கின்றன. வைக்கோல் தரும் உழவரும், பேலர் வைத்திருப்பவரும், கட்டுகளைச் சேமிக்கும் முகவரும் கொள்முதல் பிரிவின் பட்டியலில் வருகிறார்களே தவிர ஆய்வின் பங்காளிகளாக வரவில்லை. வைக்கோலை எரிக்காத உழவருக்கு ஹரியானா அரசு ஏக்கருக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கத் தொடங்கியது நல்ல செய்தி. ஆனால் எந்த உயரத்தில் வெட்டினால் மண் குறைவாக வரும், எந்த ஈரத்தில் கட்டினால் ஆறு மாதம் கழித்தும் செல்லுலோஸ் கெடாமல் இருக்கும், வைக்கோலோடு வயலை விட்டுப் போகும் பொட்டாஷை ஆலைச் சாம்பலாக எப்படித் திருப்பித் தருவது என்பவையெல்லாம் நொதியைப் போலவே ஆய்வுக்குரிய கேள்விகள். லூதியானாவின் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஹிசாரின் ஹரியானா வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அருகிலேயே இருக்கும்போது, இக்கேள்விகளை ஆலையின் ஆய்வுத் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவருவது கடினமான வேலை அன்று.

அசாமின் நுமாலிகரில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட மூங்கில் ஆலை, இதற்குச் சற்று மாறான பாதையில் போகிறது. ஃபின்லாந்தின் செம்போலிஸ், ஃபோர்டம் நிறுவனங்களோடு கூட்டாகத் தொடங்கிய அந்தத் திட்டம், எத்தனாலோடு ஃபர்ஃப்யூரலையும் அசிட்டிக் அமிலத்தையும் விற்பனைப் பொருளாக எடுக்கிறது. பானிப்பட்டில் ஈஸ்ட்டுக்குத் தொல்லையாக இருக்கும் பொருள் அங்கே வருமானமாகிறது. மூங்கிலைக் கழிவு என்று சொல்ல முடியாது என்பதால் இங்கே நான் அதிகம் ஒப்பிடவில்லை. ஆனால் மூங்கில் ஆண்டு முழுவதும் வெட்டக் கிடைக்கும் என்பது 45 நாள் அவசரத்தைப் பார்த்தவனுக்குப் பொறாமை தரும் வசதி.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு சொல். காவிரிப் படுகையில் வைக்கோல் கழிவு அன்று, மாட்டுக்குத் தீவனம். கோடையில் அதன் விலை ஏறும்போது பால்மாடு வைத்திருப்பவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். பானிப்பட்டின் கணக்கை அப்படியே தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தால் மாட்டோடு போட்டியிடும் ஆலையாகத்தான் முடியும். கரும்புச்சக்கையும் சும்மா கிடப்பதில்லை. பாதிக்கு மேல் பாய்லருக்கும், கணிசமான பங்கு கரூர் அருகே உள்ள காகித ஆலைக்கும் போகிறது. நம்மிடம் உண்மையில் எரித்து வீணாக்கப்படுவது கரும்புச் சோகையும் பருத்திமாரும்தான். அவற்றுக்கென ஒரு கூட்டு ஆய்வைத் தொடங்குவதாக இருந்தால் நான் வரவேற்பேன்.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால், பானிப்பட்டில் பலன் தந்த கூட்டு ஆய்வுக்கு, ஆலைக்குள் நடக்கும் வேலைக்கு 5-க்கு 4, வயலுக்கும் ஆலைக்கும் இடையில் உள்ள வேலைக்கு 5-க்கு 2 கொடுப்பேன். சொந்தமாகச் சேமிப்புக் களமும் பேலர்களும் உடைய பெரிய ஆலைகளுக்கு இந்தத் தொழில்நுட்பம் இப்போதே பரிசீலிக்கத் தக்கது. மற்றவர்கள் செயல்விளக்க அளவில் கூட்டு சேர்ந்து, இரண்டு அறுவடைகளாவது பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஒப்பந்தம் எழுதும்போது, சோதிக்கப்படும் கழிவு கழுவாமல், சலிக்காமல், வயலிலிருந்து வந்த கட்டாகவே இருக்க வேண்டும் என்றும், அதன் ஈரமும் சாம்பலும் எந்த எல்லைக்குள் இருந்தால் அறிக்கை செல்லுபடியாகும் என்றும், ஆறு மாதம் சேமித்த கட்டையும் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றும் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கட்டுகளைத் தரப்போகும் உழவர் குழுவின் பொறுப்பாளரையும் அந்தப் பக்கத்தில் கையெழுத்திடச் சொல்லுங்கள்.